நீராவி விழுங்கிய எழுத்து

அந்த விடுதிக்குப் பதினொரு மாடிகள். பதினொன்றையும் அண்ணாந்து எண்ணியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அத்தனைக்கும் அடியில், மண்ணுக்குள் இறங்கிக் கிடந்த பன்னிரண்டாவது தளத்தை எண்ணியவர் எவருமில்லை. மேலே படுத்தவர்கள் கசக்கிப் போட்டதையெல்லாம் கீழே நின்றவர்கள் வெளுத்துக் கொடுத்தார்கள். விரிப்புகளும் உறைகளும் துவாலைகளும் ஒரு சரிவுக் குழாய் வழியே வந்து விழும். சுழலும், பிழிபடும், ஆவி அழுத்தியில் படுத்து எழும், மடிப்பு மேசையில் அடுக்காகும், தள்ளுவண்டியேறி மீண்டும் மேலே போகும். வெளியே மழையா வெயிலா என்பதை அங்கிருந்தவர்கள் வானத்தைப் பார்த்து அறிந்ததில்லை. கூரையையொட்டி ஒரு கம்பிச் சாளரம் இருந்தது. அதில் தெரியும் செருப்புகள் நனைந்திருந்தால் மழை, தூசி படிந்திருந்தால் வெயில்.

ஆவி அழுத்தியில் நின்றவளுக்கு ஆவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலையில் மேற்பார்வையாளர் வந்து, ஆவி வந்தாச்சா என்று கேட்பார். மடிப்பு மேசையில் நிற்பவள், அவளுக்கும் மடிப்பு என்றுதான் பெயர், தலை நிமிராமல் சொல்வாள்: “வந்து எறங்கிடுச்சு சார். மூணு மணி வரைக்கும் போகாது.”

விரிப்பின் இரு முனைகளைப் பற்றி உதறி, பலகை மீது சுருக்கமின்றிப் பரப்பி, காலடி மிதியை மிதித்தால் மேற்பலகை இறங்கும். உஸ்ஸென்று நீராவி பீறிடும். பதினைந்து எண்ணி முடிப்பதற்குள் பலகை எழ வேண்டும். எழாவிட்டால் துணி பழுத்துவிடும். அப்படி ஒரு நாளைக்கு நானூறு விரிப்புகள். கைகள் ஓயாது, கால் ஓயாது, ஓய்ந்து கிடந்தது வாய் ஒன்றுதான். அந்த வாய்க்கும் ஒரு வழி பிறந்தது. அதன் பெயர் ‘இடுப்பில் ஒன்று’.

அது அந்தச் சுற்றுவட்டாரத்துத் தாய்மார்களின் வலைப்பதிவு. துணிக்கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் தொடங்கியது. எல்லாருக்கும் அவள் பதிவக்கா. மருத்துவமனைத் துப்புரவுக்காரி, பேருந்து கழுவுகிறவள், மீன்காரி, வங்கியில் எழுதுகிறவள் என்று முந்நூறு பெண்கள் அதில் இருந்தார்கள். பால் குடி மறக்கடித்தது எப்படி, காய்ச்சலில் பிதற்றிய பிள்ளையை ஆற்றியது எப்படி, பொய் சொன்ன பிள்ளையிடம் மெய் வாங்கியது எப்படி என்று தாங்கள் பட்டதைச் சொன்னார்கள். குழந்தை வளர்ப்பு என்று தடித்தடியாக நூல் எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டவர்கள்? இவர்கள் சிந்திவிட்டவர்கள். சிந்திய கையைத் துடைத்துக்கொண்டு எழுதியவர்கள். அறிவு அரங்கேறுவதற்கு அரியணை வேண்டியதில்லை, அடுப்பங்கரை போதும் என்று காட்டியவர்கள்.

அந்தப் பதிவுக்கு ஒரே ஒரு விதி: ஓர் எழுத்தையும் திருத்துவதில்லை. விதி பிறந்ததற்குக் காரணம் மீன்காரி. தொடக்க நாளில் அவள் தன் மகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொன்னதை, பட்டம் பெற்ற ஒருத்தி அழகுபடுத்தி ஏற்றினாள். மறுநாள் மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: “நான் சொன்னது எங்க கொழந்தயப் பத்தி. இது யாரு வீட்டுக் குழந்தை?” அதற்குப் பின் ஆறு மாதம் அவள் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து யார் எப்படிச் சொன்னாலும் அப்படியே ஏறும். எழுதத் தெரியாதவர்கள் கைபேசியிடம் பேசுவார்கள். பேசியதைக் கைபேசி எழுத்தாக்கும். எழுத்தானதைப் பதிவக்கா ஏற்றிவிடுவாள்.

ஆவி அதுவரை எதுவும் சொன்னதில்லை. அவள் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதற்குமேல் படிக்க வைக்க அவள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. இப்போது அவள் மகள் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் குட்டி என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறுமி ஒரு நாள், வால் தொலைத்த குரங்கின் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டு, படி என்றாள். ஆவிக்கு வியர்த்துவிட்டது. அன்று அரைப் பக்கம் படிக்க அரை மணி நேரமானது. எழுத்தெழுத்தாகக் கூட்டி, தட்டுத் தடுமாறி, விரல் நடுங்கப் படித்தாள். மறுநாளும் படித்தாள். முப்பத்து நான்கு வயதில், ஒரு குரங்கின் வாலைப் பிடித்துக்கொண்டு, தனக்கு மறுக்கப்பட்ட பள்ளிக்குள் தானே ஏறிப் போனாள். அதைத்தான் அவள் உலகத்துக்குச் சொல்ல நினைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மார்ச்சட்டைக்குள் கைபேசியைச் செருகிக்கொண்டு, அழுத்தியை மிதித்தபடியே பேசினாள்.

“எம்பொண்ணுக்கு ஆறு வயசு. ஸ்கூல்லேந்து வந்ததும் மடியில உக்கார வச்சு தினமும் அரை மணி நேரம் படிக்கிறேன். மொதல்ல திமிறுவா, அழுவா. நான் விடறதில்ல. படிக்கப் படிக்க அமைதியாயிடுவா. எங்கம்மா என்னை உக்கார வச்சு ஒரு நாள் கூட படிச்சதில்ல. அந்தக் கொறை எம்பொண்ணுக்கு இருக்கக் கூடாது.”

படிக்கிறேன் என்று அவள் வாய் திறந்த நொடியில் மேற்பலகை இறங்கியது. உஸ்ஸென்ற நீராவி அந்தச் சொல்லின் தலையை விழுங்கியது. கைபேசி, காதில் விழுந்த மிச்சத்தைக் கொண்டு ‘அடிக்கிறேன்’ என்று எழுதியது. ஒன்றை அப்படி எழுதிவிட்டபின் மற்றதையும் அதற்கு இசைவாகவே கேட்டது. தினமும் அரை மணி நேரம் அடிக்கிறேன். அடிக்க அடிக்க அமைதியாயிடுவா. எங்கம்மா என்னை ஒரு நாள் கூட அடிச்சதில்ல. அந்தக் கொறை எம்பொண்ணுக்கு இருக்கக் கூடாது. விரிப்பை உதற வேண்டிய அவசரத்தில் ஆவி அதைப் பார்க்காமலே அனுப்பினாள்.

பதிவக்கா துவாலைக் கட்டுகளுக்கு நடுவில் அமர்ந்து அதைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். ஒருத்தி தன்னையே பிளந்து காட்டுகிறாள், இதைத் தொட எனக்கு என்ன உரிமை என்று நினைத்தாள். விதி விதிதான். ஏற்றிவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு பேருந்து கழுவுகிறவள் எழுதினாள்: “நானும். கரண்டியால.” அதன் கீழே இன்னொருத்தி, நானும் என்று எழுதினாள். அடித்துவிட்டுப் பிள்ளை தூங்கியபின் தலையைத் தடவுகிறவள் எழுதினாள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு வீட்டில் பெல்ட்டை எடுக்கிறவள் எழுதினாள். மறுநாள் காலைக்குள் நாற்பத்தொரு பேர். ஒருத்தியை ஒருத்தி ஏசவில்லை, எள்ளவில்லை. மருத்துவமனையில் வேலை செய்தவள் ஒரு வழி சொன்னாள்: இனிமேல் யாருக்காவது கை ஓங்கினால், ஓங்கிய கையால் பிள்ளையைத் தொடாமல், இங்கே ‘கை’ என்று ஒரே ஒரு சொல்லைப் போடுங்கள், அந்த நேரம் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் கூப்பிட்டுப் பேசட்டும். புதன்கிழமை நண்பகலுக்குள் நான்கு ‘கை’ விழுந்தது. நான்குக்கும் கூப்பிட்டுப் பேச ஆள் இருந்தது.

தலைமுறை தலைமுறையாக, அடி என்பது அன்பின் மறுபெயர் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வஞ்சகம், ஒரு கைபேசித் திரையில் பகலோடு பகலாக உடைந்துகொண்டிருந்தது. உடைத்தவளுக்கு மட்டும் அது தெரியாது. அத்தனை பதில்களைக் கூட்டிப் படிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆகும். பதிவுக்கு நல்ல வரவேற்பு என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. வந்தவர் போனவரெல்லாம் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

தேநீர் இடைவேளையில் மடிப்பு ரொட்டியைப் பாதியாகப் பிட்டு நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நெசமாவே தினமும் அரை மணி நேரமாடி?”

“சனி ஞாயிறுன்னா ஒரு மணி நேரம் கூட ஆகும்.”

“ஒன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்லையா?”

“அவரா? லீவு நாள்ல அவரும் சேந்துக்குவாரு. அவரு பண்ணா வீடே அதிரும்.”

மடிப்புக்குத் தேநீர் புரையேறியது. ஆவி அவள் தலையைத் தட்டிவிட்டாள்.

“கை நடுங்காதா ஒனக்கு?”

“ஆரம்பத்துல நடுங்குச்சு. பழகிட்டா ஒண்ணுமில்ல. நீயும் ஒன் மூத்தவள உக்கார வச்சுத் தினமும் பண்ணிப் பாரு. அப்புறம் ஒன்ன விட்டு நகர மாட்டா.”

மடிப்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உன்னை மாதிரி இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லத் என்னால் முடியாது என்று முனகியபடி எழுந்து போனாள்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குக் குட்டியை அழைக்கப் பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியை ஆவியை அறைக்குள் கூப்பிட்டார். குட்டி வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் பதிவைப் படித்தேன் என்று அந்த அம்மாள் தொடங்கியதும் ஆவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீங்க கூடப் படிச்சீங்களா டீச்சர் என்று கேட்டாள். தலைமையாசிரியை அந்த மலர்ச்சியைக் கண்டு திகைத்தார். பின்பு கைபேசியை எடுத்து, சொல் சொல்லாக, குரலில் ஏற்றமில்லாமல் படித்துக் காட்டினார்.

ஆவி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது தன் பேச்சுதான். தன் வீட்டுப் பேச்சுதான். ஆனால் அதற்குள் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது படிக்கிறேன் டீச்சர் என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தலைமையாசிரியை நம்பினார் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணுக்கு முன் எழுத்தாகக் கிடப்பதைக் காணாதவராக இருக்கத் தமக்கு அனுமதியில்லை என்றார்.

“திங்கக்கிழமைக்குள்ள அந்தப் பதிவை எடுத்துடுங்க. தப்பா விழுந்துடுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நான் இதோட முடிச்சுக்கறேன். அது அங்கயே இருந்துச்சுன்னா, குழந்தைகள் நல அலுவலகத்துக்கு நான் அனுப்பித்தான் ஆகணும். விசாரணை முடியற வரைக்கும் குழந்தை காப்பகத்துல இருக்க வேண்டி வந்தாலும் வரலாம்.”

மறுநாள் வேலை தொடங்குமுன்பே ஆவி பதிவக்காவைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுத்திக்கு வந்தாள். மிதியை மிதித்துக்கொண்டு கைபேசியிடம் படிக்கிறேன் என்றாள். திரையில் ‘அடிக்கிறேன்’ என்று விழுந்தது. நீராவி அடங்கியபின் சொன்னாள். ‘படிக்கிறேன்’ என்று விழுந்தது. மீண்டும் மிதித்தாள். மீண்டும் அடி. பதிவக்கா தலையிலடித்துக்கொண்டாள். ஓர் எழுத்தையும் திருத்த மாட்டேன் என்று வீறாப்பாக இருந்தேனே, கண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான் என்று அழாத குறையாகச் சொன்னாள். விதியாவது மண்ணாவது, இந்த நிமிடமே எடுத்துவிடுகிறேன் என்று கைபேசியை எடுத்தாள்.

மடிப்பு பின்னால் நின்றுகொண்டிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். கையில் பாதி மடித்த உறை.

“அப்ப நீ அடிக்கல.”

“இல்லடி. நான் கதைப் புத்தகம் படிக்கறதைச் சொன்னேன்.”

“நான் நெசமா அடிச்சேன். ஹேங்கரால. அங்க எழுதிட்டு வீட்டுக்குப் போய் எல்லா ஹேங்கரையும் தூக்கிப் போட்டேன்.” உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “அப்ப நாங்க மட்டுந்தானா.”

மேசைக்குத் திரும்பிப் போனாள். அன்று அவள் அடுக்கிய உறைகள் கோணலாக இருந்தன. மேற்பார்வையாளர் இருமுறை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆவி பதிவக்காவின் கையைப் பிடித்து, கொஞ்சம் பொறுங்கக்கா என்றாள். நாற்பத்தொரு பதில்களையும் தனக்குப் படித்துக் காட்டச் சொன்னாள். துவாலைக் கட்டுகளுக்கு நடுவில், உணவு இடைவேளை முழுவதும், உண்ணாமல் இருவரும் அதில் கழித்தார்கள். ‘கை’ என்ற சொல் அதற்குள் பதினேழு முறை விழுந்திருந்தது. மேலே உள்ள வரியை உருவிவிட்டால் கீழே உள்ள நாற்பத்தொரு ‘நானும்’ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? யாரோடு நானும்? துணைக்கு ஒருத்தி முன்னே நிற்கிறாள் என்று நம்பித்தானே அத்தனை பேரும் இருட்டறையிலிருந்து வெளியே வந்தார்கள்? முன்னே நின்றவள் அங்கே இல்லவே இல்லை என்று ஆனால், வந்தவர்கள் நிற்பார்களா, திரும்பி ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொள்வார்களா?

வீட்டில் அவள் கணவன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். மாலையில் உருளைக்கிழங்கை வேக வைத்து, சூட்டோடு தோலுரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். குட்டி முன்வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எடுத்துடு.”

“எடுத்தா அவங்கெல்லாம் என்ன ஆவாங்க?”

“கொழந்தயக் கூட்டிட்டுப் போயிட்டா ஒன் நாப்பத்தொரு பேரும் வந்து தூக்கிக் குடுப்பாங்களா?”

“நீங்க கேக்கறது நியாயந்தான்.” அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். “ஒண்ணு சொல்லணும். குட்டிய நான் அடிச்சிருக்கேன். மூணு வயசுல, டம்ளர ஒடச்சப்ப. கன்னத்துல. அஞ்சு வெரலும் பதிஞ்சு போச்சு. நீங்க வந்து கேட்டப்ப, எறும்பு கடிச்சுதுன்னு சொன்னேன்.”

அவன் உரிப்பதை நிறுத்தினான். பிறகு கையிலிருந்த கிழங்கை முழுதாக உரித்து, உப்பைத் தூவி, அவள் தட்டில் வைத்தான்.

“எறும்புன்னு நானும் நம்பல,” என்றான். “கேக்காம விட்டதுல எனக்கும் பங்கு இருக்கு. ஒனக்கு எது சரின்னு படுதோ செய். நான் கூட நிக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் கைபேசியிடம் பேசவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், தானே எழுதினாள். ஒன்பது மணிக்குத் தொடங்கியவள் ஒரு மணிக்கு முடித்தாள். காற்புள்ளி இல்லை, ஒற்றெழுத்துகள் பல ஓடிப் போயிருந்தன. ஆனால் ஓர் எழுத்துகூட மற்றவர் எழுத்தன்று. பதிவக்கா அதை அப்படியே முதல் பதிவின் அடியில் ஏற்றினாள்.

“நான் சொன்னது படிகிறேன். மிசின் சத்ததுல அடிக்கிறேனு விழுந்துருச்சு. தினமும் நான் அடிகறது இல்ல. ஆனா ஒரு தடவ அடிச்சிருகேன். அவளுக்கு அப்ப மூணு வயசு. அத யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். நீங்க சொன்னதால சொல்றேன். நானும். மேல இருகுறது மேலயே இருகட்டும்.”

கோடிச் சொல் கோர்த்துக் கொட்டி முழக்கிய மேடைகள் உண்டு. அந்த ஒன்பது வரிக்கு ஈடாக அவற்றில் எத்தனை நிற்கும்? தன்மேல் விழுந்த பழி பொய் என்று நிறுவ அவளுக்கு முழு உரிமை இருந்தது. நிறுவினாள். நிறுவிய கையோடு, பழியில் கலந்திருந்த ஒரு துளி மெய்யைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மாலையில் மடிப்பு கூப்பிட்டாள். ‘இருகுறது’ன்னு எழுதியிருக்க, நடுவுல ஒரு க் வரும்டி முட்டாளு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அதைப் படித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அதை எடுத்துட்டிருந்தா இங்கயே முடிஞ்சிருக்கும்.”

“தெரியும் டீச்சர்.”

“போதாததுக்கு அடிச்சேன்னு வேற எழுதியிருக்கீங்க.”

“அடிச்சேனே.”

குழந்தைகள் நல அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று.

புதன்கிழமை மழை. ஐந்து மணிக்கு அதிகாரி வந்தார், நடுவயதுப் பெண்மணி, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார். ஆவி அதை வாங்கி வாளிக்குள் நிறுத்தினாள். அதிகாரி வீட்டின் இரண்டு அறைகளையும் பார்த்தார். குட்டியின் கைகளையும் முதுகையும் பார்த்தார். கணவனிடம் தனியாகக் கேட்டார். ஆவியிடம் கேட்டபோது அவள் டம்ளரையும் கன்னத்தையும் ஐந்து விரலையும் சொன்னாள். எறும்பையும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பிறகு குட்டியை எதிரில் உட்கார வைத்தார். மூன்று வயதில் நடந்தது, குழந்தைக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது என்று ஆவி இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை நாளும் அவள் உறங்கினாள்.

“அம்மா உன்னை அடிப்பாங்களாம்மா?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்ல.”

“எப்பவாவது அடிச்சிருக்காங்களா?”

குட்டி தாயைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“ஒரு தடவ. டம்ளர் ஒடஞ்சுது. நான் ஒடைக்கல, அது வழுக்கிடுச்சு.”

கணவன் சுவரில் சாய்ந்துகொண்டான். தாய் சொன்னதும் மகள் சொன்னதும் ஒன்றே என்று இருவர் வாயாலும் கேட்ட அதிகாரி, தாளின் அடியில் ஒரு வரி எழுதினார். எழுதியதைத் திருப்பி ஆவியின் பக்கம் நகர்த்தினார். நீங்களே படிங்க என்றார்.

ஆவி குனிந்து, விரல் வைத்து, கூட்டிக் கூட்டிப் படித்தாள். குழந்தை… தாயிடமே… இருக்கலாம். மேல்… நடவடிக்கை… தேவையில்லை. முடிவிலிருந்த புள்ளி வரைக்கும் விரலை நகர்த்தினாள். அதன் பிறகே மூச்சு விட்டாள்.

பின்பு நாற்காலியிலிருந்து இறங்கினாள். மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி, தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் கேட்டு எவரும் கேள்விப்பட்டிராத ஒன்றை, அதிகாரி பார்க்க, கணவன் பார்க்க, கேட்டாள்.

“அம்மா அன்னிக்கு ஒன்ன அடிச்சது தப்பு. என்ன மன்னிச்சுடு குட்டி.”

குட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்:

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

அதிகாரி பேனாவின் மூடியைத் தேடிக் குனிந்தார்.